வாடிக்கையாளரை நீக்கினால் பில்லும் சேர்ந்து போக வேண்டுமா? ஃபாரின் கீ, கேஸ்கேட் டிலீட் பற்றி ஓர் ஐயம்

#1 நூல்கடை_நிரலர்

அனைவருக்கும் வணக்கம். மொத்த ஜவுளி வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றைச் சிறு குழுவாக இருந்து பராமரித்து வருகிறோம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 16. வாடிக்கையாளர் அட்டவணையைச் சுற்றி முகவரி, பில், பில் வரி (பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள வரிசை), ரசீது, உள்நுழைவு அமர்வு ஆகிய அட்டவணைகள் ஃபாரின் கீ (இன்னோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் ஐடி; அந்தப் பதிவு இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) மூலம் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு பில்லிலும் அதைப் போட்ட விற்பனைப் பிரதிநிதியின் ஐடியும் இருக்கிறது.

சோதனைக்காக உருவாக்கிய போலி வாடிக்கையாளர்களும், ஒரே கடை இரண்டு மூன்று பெயர்களில் பதிவாகிவிட்ட இரட்டைப் பதிவுகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. அவற்றை நீக்க முயன்றால், அந்த ஐடி பில் அட்டவணையில் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி, 23503 என்ற பிழைக்குறியுடன் தரவுத்தளம் மறுத்துவிடுகிறது. எல்லா ஃபாரின் கீகளையும் ‘ஆன் டிலீட் கேஸ்கேட்’ (சுட்டப்படும் பதிவு நீங்கினால் அதைச் சுட்டுபவையும் தாமாக நீங்கும் விதி) ஆக மாற்றிவிடலாம் என்கிறார் குழுவில் ஒருவர். ஃபாரின் கீயே தொல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நிரலிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மறுத்துச் சொல்வதற்கு உறுதியான காரணமும் கையில் இல்லை.

இதோடு ஒரு புதிரும் உண்டு. ஒரு பில்கூட இல்லாத போலி வாடிக்கையாளரை நீக்குவதற்கும் பல நொடிகள் ஆகின்றன. நீக்குவது ஒரே ஒரு பதிவு, அதுவும் பிரைமரி கீயை, அதாவது அந்தப் பதிவின் தனி அடையாள ஐடியை, கொடுத்து. எதற்கு இவ்வளவு நேரம்?

#2 பூட்டுசாவி

புதிரை முதலில் அவிழ்த்துவிடலாம்; கேஸ்கேட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது உங்களை விடாது.

ஃபாரின் கீ சுட்டும் தாய் அட்டவணையின் புலத்துக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரு மதிப்பு இருமுறை வராமல் காத்து, விரைவாகத் தேடவும் உதவும் அமைப்பு) இருந்தே ஆக வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் வற்புறுத்தும். ஆனால் சேய் அட்டவணையில், அதாவது உங்கள் பில் அட்டவணையின் வாடிக்கையாளர் ஐடி புலத்தில், அது தானாக எந்த இண்டெக்ஸும் போடாது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்பு அடுக்கான இன்னோடிபி தானே போட்டுவிடும் என்பதால், அங்கிருந்து வருபவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு வாடிக்கையாளரை நீங்கள் நீக்கும்போது, இவரைச் சுட்டும் பில் உண்டா, ரசீது உண்டா, முகவரி உண்டா என்று ஒவ்வொரு சேய் அட்டவணையிலும் தரவுத்தளம் தேடியாக வேண்டும். இண்டெக்ஸ் இல்லையென்றால் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பில் இல்லாத வாடிக்கையாளருக்கும் இதே உழைப்புதான். ‘இல்லை’ என்று உறுதி செய்யவும் முழுவதையும் படித்தாக வேண்டும் அல்லவா?

எந்த அட்டவணை நேரத்தைத் தின்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கி (பல கட்டளைகள் ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் தொகுப்பு அது), டிலீட் கட்டளையை ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டு ஓட்டி, முடிவில் ரோல்பேக் செய்யுங்கள், அதாவது அந்தத் தொகுப்பை ரத்து செய்யுங்கள். (ரோல்பேக்கை மறந்தால் பதிவு உண்மையாகவே போய்விடும், அனலைஸ் என்றால் கட்டளையை ஓட்டித்தான் அளக்கும்.) வரும் அறிக்கையின் அடியில் ‘ட்ரிகர் ஃபார் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ என்று தொடங்கும் வரிகள், ஃபாரின் கீக்கு ஒன்றாக, ஆன நேரத்தோடும் அழைக்கப்பட்ட எண்ணிக்கையோடும் இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீயைச் செயல்படுத்துவதே உள்முக ட்ரிகர்கள் (ஒரு மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் நிரல்கள்) மூலம்தான்; அதனால்தான் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கிறது. ‘டிஃபர்டு’ என்று அறிவித்த ஃபாரின் கீக்கு மட்டும் இந்த வரி வராது. அதன் சோதனை காமிட் (மாற்றங்களை உறுதியாக்கும் கட்டளை) வரை தள்ளிப்போவதால் அனலைஸின் கண்ணில் படுவதில்லை.

நேரம் தின்னும் புலங்களுக்கு ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்து இண்டெக்ஸ் உருவாக்குங்கள். எழுதும் வேலை நிற்காது. இது வெறும் வேகப் பிரச்சினை என்றும் எண்ண வேண்டாம். ஆரக்கிள் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இல்லாத ஃபாரின் கீ இருந்தால், தாய்ப் பதிவை நீக்கும்போது சேய் அட்டவணை முழுவதன் மேலும் பூட்டு விழும். அங்கே பல டெட்லாக்குகளுக்கு (இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து நின்றுவிடுவதற்கு) மூலம் இதுதான்.

#3 பேரேடு

நான் கணக்கு மென்பொருள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ‘எல்லாவற்றையும் கேஸ்கேட் ஆக்கிவிடலாம்’ என்ற யோசனையை இன்றே மூட்டை கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

கேஸ்கேட் என்பது ஃபாரின் கீயின் பொதுவான அமைப்பு அன்று. ஒவ்வோர் உறவைப் பற்றியும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவு. தாய் போன பிறகு சேய்க்குத் தனியாக ஏதாவது பொருள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உள்நுழைவு அமர்வுக்கு இல்லை. வாடிக்கையாளர் போனால் அதுவும் போகட்டும். முகவரிக்கும் பெரும்பாலும் இல்லை. பில் வரி என்பது பில்லின் உறுப்பு, பில் இல்லாமல் அது நிற்காது. ஆனால் பில் வாடிக்கையாளரின் உறுப்பா? இல்லவே இல்லை. அது உங்கள் விற்பனைக்கு ஆவணம், உங்கள் ஜிஎஸ்டி வரிக்கு ஆதாரம். வாடிக்கையாளர் கடையை மூடிவிட்டுப் போனாலும் அந்த விற்பனை நடந்தது நடந்ததுதான்.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் வியாபாரிகளில் நிறுவனங்கள் இருந்தால், 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகள் கேட்கிறது. மேலும் 2023 ஏப்ரல் 1 முதல், நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் தேதியோடு பதிவாக வேண்டும்; அதை நிறுத்தி வைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். இந்த நிலையில் வாடிக்கையாளர் திரையில் ஒருவர் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தினால், அவர் பெயரில் இருந்த பில்லும், பில்லின் வரியும், அதற்கு வந்த ரசீதும் ஓசையில்லாமல் கரைந்துபோகும் ஓர் அமைப்பை எந்தத் தணிக்கையாளரிடம் காட்டுவீர்கள்?

இரட்டைப் பதிவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கடை இரண்டு பெயரில் இருந்தால், இரண்டு பெயரிலும் உண்மையான பில்கள் இருக்கும். கேஸ்கேட் வைத்து ஒன்றை நீக்கினால் அந்தக் கடையின் பாதி வரலாறு போய்விடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. இரட்டைப் பதிவைத் தீர்ப்பது நீக்கும் வேலை அன்று, இணைக்கும் வேலை. வைத்துக்கொள்ளப்போகும் ஐடியைத் தேர்ந்தெடுத்து, பில், ரசீது, முகவரி எல்லாவற்றிலும் பழைய ஐடியைப் புதியதாக அப்டேட் செய்துவிட்டு, கடைசியில் வெறுமையாக நிற்கும் பழைய பதிவை நீக்குங்கள். ஏதாவது ஓர் அட்டவணையை மறந்திருந்தால் 23503 வந்து நிறுத்தும். நீங்கள் தொல்லை என்று நினைத்த அந்தப் பிழைதான் அப்போது உங்கள் சரிபார்ப்புப் பட்டியல்.

விற்பனைப் பிரதிநிதிக்கு ‘செட் நல்’ (சுட்டும் புலத்தை வெற்றாக்கும் விதி) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். போட்டு முடித்த பில்லில் யார் விற்றார் என்பதை வெற்றாக்குவதும் ஆவணத்தைத் திருத்துவதுதான். பிரதிநிதி வேலையை விட்டுப் போனால் அவர் பதிவில் ‘பணியில் இல்லை’ என்று குறியுங்கள், நீக்காதீர்கள்.

#4 பின்முனை

பேரேடு அவர்கள் சொன்ன சட்டக் காரணங்களை ஏற்கிறேன். ஆனால் நிரலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன அந்த இன்னொருவருக்காக யாராவது வாதாட வேண்டும், நான் வாதாடுகிறேன்.

ஒரு பதிவை நீக்குவது தரவுத்தளத்தோடு முடிகிற விஷயம் அன்று. பில்லோடு சேர்த்துச் சேமித்த பிடிஎஃப் கோப்பு வேறொரு சேமிப்பகத்தில் இருக்கும். தேடல் இண்டெக்ஸில் ஒரு பிரதி இருக்கும். கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) ஒன்று இருக்கும். தரவுத்தளம் தானாகக் கேஸ்கேட் செய்துவிட்டால் இவற்றைத் துப்புரவு செய்ய வேண்டும் என்ற செய்தியே என் நிரலுக்கு வராது. பைத்தானில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். மாடலில் (அட்டவணையை விவரிக்கும் நிரல் பகுதியில்) ‘கேஸ்கேட்’ என்று எழுதினாலும் அது தரவுத்தளத்தில் அந்த விதியை எழுதாது. நீக்க வேண்டிய சேய்ப் பதிவுகளைப் பைத்தான் பக்கத்திலேயே சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் சிக்னல் அனுப்பி, பிறகு வரிசைப்படி நீக்கும். 2.0 பதிப்பிலிருந்து இந்தத் தேர்வை எழுதாமல் ஃபாரின் கீயை அறிவிக்கவே முடியாது. ரூபி மொழியின் ரெயில்ஸில் ‘டிபெண்டன்ட் டிஸ்ட்ராய்’ இதே நோக்கத்துக்குத்தான் இருக்கிறது.

பெரிய அளவில் இயங்குபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மைஎஸ்கியூஎல் அட்டவணையின் அமைப்பை நிறுத்தாமல் மாற்ற உதவும் கிட்ஹப்பின் ‘கோஸ்ட்’ கருவி, ஃபாரின் கீ உள்ள அட்டவணையைக் கையாளாது. தரவைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிட்டால், ஒரு சர்வரில் இருக்கும் சேயும் இன்னொன்றில் இருக்கும் தாயும் ஃபாரின் கீயால் இணைய முடியாது. ஆகவே ஃபாரின் கீ இல்லாமல் வாழ்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

#5 பூட்டுசாவி

சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பைத் துப்புரவு செய்யும் வாதம் நியாயமானது. அதற்காக நீக்கலை நிரலிலிருந்து நடத்துவதும் சரிதான். ஆனால் ‘நிரல் நீக்கட்டும்’ என்பதும் ‘ஃபாரின் கீ வேண்டாம்’ என்பதும் ஒன்றல்ல. நீங்கள் காட்டிய ஜாங்கோவே, கேஸ்கேட் விதியை எழுதாவிட்டாலும் ஃபாரின் கீயைத் தரவுத்தளத்தில் எழுதத்தான் செய்கிறது. போஸ்ட்கிரெஸில் அதை டிஃபர்டு ஆக எழுதுவதால், பிழை டிலீட் ஓடும் இடத்தில் வராமல் காமிட்டில் வரும் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

நிரலால் ஏன் முடியாது என்பதை ஒரே ஒரு நிகழ்வில் காட்டுகிறேன். மாலை நேரம், கடை பரபரப்பாக இருக்கிறது. நிர்வாகி ஒரு வாடிக்கையாளரை நீக்க வருகிறார். உங்கள் நிரல் பில் அட்டவணையில் எண்ணிப் பார்க்கிறது: பூஜ்ஜியம். அதே கணத்தில் கவுண்டரில் இருப்பவர் அந்த வாடிக்கையாளருக்கு ஒரு பில் போடுகிறார். அவருடைய நிரல் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று பார்க்கிறது: இருக்கிறார். பில் பதிவாகிறது, காமிட் ஆகிறது. நிர்வாகியின் டிலீட் ஓடுகிறது, அதுவும் காமிட் ஆகிறது. இரண்டு நிரல்களும் தம் பங்குக்குச் சரியாகத்தான் சோதித்தன. முடிவில் கையில் இருப்பது தாயில்லாத ஒரு பில். இயல்பான ‘ரீட் கமிட்டட்’ (காமிட் ஆனதை மட்டும் பார்க்கும்) நிலையில் இதைத் தடுக்க எதுவுமில்லை.

ஃபாரின் கீ இருந்தால் நடப்பது வேறு. பில்லைச் சேர்க்கும்போதே போஸ்ட்கிரெஸ் அந்த வாடிக்கையாளர் பதிவின் மேல் ‘கீ ஷேர்’ என்ற மெல்லிய பூட்டைப் போடுகிறது. பெயரையோ தொலைபேசி எண்ணையோ திருத்துவதை அது தடுக்காது. நீக்குவதை மட்டும் காத்திருக்க வைக்கும். கவுண்டரின் டிரான்சாக்‌ஷன் முடிந்ததும் டிலீட் தொடரும், புதிய பில்லைக் காணும், 23503 என்று நிற்கும். நிர்வாகி முந்திக்கொண்டால் கவுண்டரின் இன்சர்ட் காத்திருந்து அதே பிழையோடு நிற்கும். இதையே நிரலில் எழுத வேண்டுமானால் அந்தப் பூட்டுகளை நீங்களே, ஒவ்வோர் இடத்திலும், ஒருவரும் மறக்காமல் எழுத வேண்டும். இரவில் நேரடியாகத் தரவுத்தளத்துக்குள் நுழைந்து கைக்கட்டளை போடுபவரும் அதைச் செய்ய வேண்டும். அவர் செய்ய மாட்டார்.

பல சர்வர்களுக்குப் பிரிப்பது பற்றி: நூல்கடை_நிரலர் அவர்களின் மென்பொருள் அந்த நிலைக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம்.

#6 வாய்க்கால்

நான் தரவைப் பகுப்பாய்வுக் கிடங்குக்குக் கடத்தும் வேலையில் இருக்கிறேன். கேஸ்கேட் எங்கள் பக்கத்தில் செய்யும் வேலையை யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மைஎஸ்கியூஎல் 8.0, 8.4 வரிசைகளில் கேஸ்கேடை நடத்துவது இன்னோடிபி என்ற சேமிப்பு அடுக்கு. மேலே இருக்கும் எஸ்கியூஎல் அடுக்குக்கு அது தெரியவே தெரியாது. இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, கேஸ்கேடில் நீங்கும் சேய்ப் பதிவுகளுக்கு ட்ரிகர் ஓடாது. பில் வரி நீங்கினால் தணிக்கை அட்டவணையில் எழுது என்று ட்ரிகர் வைத்திருப்பீர்கள். பில்லை நீக்கி வரிகள் தாமாகப் போனால் தணிக்கை அட்டவணை வெறுமையாகவே இருக்கும். இரண்டாவது, அந்த நீக்கங்கள் பைனரி லாகில் (மாற்றங்களை வரிசையாகப் பதிக்கும் கோப்பில்) எழுதப்படுவதில்லை. ரெப்ளிகாவில் (தரவுத்தளத்தின் நகல் சர்வரில்) இதே ஃபாரின் கீ இருப்பதால் அது தானே கேஸ்கேட் செய்து சமமாகிவிடும்; ஆனால் லாகைப் படித்து மாற்றங்களைக் கடத்தும் டெபீசியம் போன்ற கருவிக்குத் தாய்ப் பதிவு நீங்கியது மட்டுமே தெரியும். கிடங்கில் பில் இருக்காது, அதன் வரிகள் மட்டும் கூட்டுத்தொகையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். விற்பனைக் கணக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடப் புகுபவர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.

போஸ்ட்கிரெஸில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கேஸ்கேட் என்பது உள்முக ட்ரிகர் ஓட்டும் உண்மையான டிலீட் கட்டளை என்பதால், சேய் அட்டவணையில் நீங்கள் வைத்த ட்ரிகர்களும் ஓடும், லாஜிக்கல் டிகோடிங்கிலும் (மாற்றங்களை வெளியே படித்துத் தரும் வசதியிலும்) ஒவ்வொரு பதிவாக வரும். ஆனால் அதே காரணத்தால், ஆயிரம் தாய்ப் பதிவுகளை நீக்கினால் சேய் அட்டவணைக்கு ஆயிரம் தனித்தனி டிலீட்டுகள் ஓடும். இண்டெக்ஸ் பற்றிப் பூட்டுசாவி சொன்னதை இதோடு பெருக்கிப் பாருங்கள்.

#7 கற்றுக்குட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இவற்றைப் பழகிப் பார்க்க எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் அட்டவணைகள் உருவாக்கினேன். ஃபாரின் கீ எழுதியும், இல்லாத வாடிக்கையாளருக்குப் பில் போட அது அனுமதிக்கிறது. பிறகு அலுவலகத்தில் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் முயன்றேன். வாடிக்கையாளர் நீங்கினால் முகவரிகள் கேஸ்கேட் ஆக வேண்டும், முகவரி நீங்கினால் வாடிக்கையாளரின் ‘இயல்பு முகவரி’ புலம் நல் ஆக வேண்டும் என்று இரண்டு ஃபாரின் கீகள் எழுதியபோது, 1785 என்ற பிழை வந்து உருவாக்கவே மறுத்தது. இரண்டுக்கும் காரணம் என்ன?

#8 பூட்டுசாவி

எஸ்கியூலைட் 2009இல் வந்த 3.6.19 பதிப்பிலிருந்துதான் ஃபாரின் கீயைச் செயல்படுத்துகிறது; பழைய நிரல்கள் உடையாமல் இருக்க, அந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். ‘ஃபாரின் கீஸ்’ என்ற பிரக்மாவை (அமைப்புக் கட்டளையை) ஒவ்வோர் இணைப்பிலும் தனியாக இயக்க வேண்டும். கோப்பில் ஒரு முறை எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஏற்கனவே நுழைந்துவிட்ட தாயில்லாப் பதிவுகளைக் கண்டுபிடிக்க ‘ஃபாரின் கீ செக்’ என்று இன்னொரு பிரக்மா இருக்கிறது.

எஸ்கியூஎல் சர்வர், ஒரு நீக்கம் சுற்றி வந்து அதே அட்டவணையைத் தொடும் வாய்ப்போ, ஓர் அட்டவணையை இரண்டு வழிகளில் அடையும் வாய்ப்போ இருந்தால், தரவைப் பார்க்காமல் அமைப்பைப் பார்த்தே மறுத்துவிடும். உங்களுடையது சுற்று. ஏதாவது ஒரு பக்கத்தை, சேய் இருந்தால் நீக்கத்தை மறுக்கும் விதியான ‘நோ ஆக்‌ஷன்’ ஆக வைத்து, அந்தப் புலத்தை நிரலில் முதலில் நல் ஆக்கிவிட்டு நீக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இதே அமைப்பை ஏற்றுக்கொள்ளும், சரியாகவும் நடத்தும். அங்கே உங்களுக்கு இன்சர்ட்டில்தான் இடர்ப்பாடு: முகவரிக்கு வாடிக்கையாளர் வேண்டும், வாடிக்கையாளருக்கு முகவரி வேண்டும். இயல்பு முகவரிப் புலம் நல் ஆகக்கூடாது என்று வைத்திருந்தால் அந்த ஃபாரின் கீயை டிஃபர்டு ஆக்குங்கள். ‘நோ ஆக்‌ஷன்’, ‘ரெஸ்ட்ரிக்ட்’ இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களுக்கு வேறுபாடு இங்கேதான் தெரியும்: முன்னதன் சோதனையைக் காமிட் வரை தள்ளிவைக்கலாம், பின்னதைத் தள்ளிவைக்க முடியாது. இன்னோடிபியில் தள்ளிவைக்கும் வசதியே இல்லாததால் அங்கே இரண்டும் உண்மையிலேயே ஒன்றுதான்.

#9 நூல்கடை_நிரலர்

அனைவருக்கும் நன்றி. பில், ரசீது, அமர்வு மூன்றிலும் வாடிக்கையாளர் ஐடிக்கு இண்டெக்ஸ் இல்லை என்பது அனலைஸ் அறிக்கையில் அப்படியே தெரிந்தது. போட்ட பிறகு ஒரு நீக்கம் கண் இமைக்கும் நேரத்தில் முடிகிறது.

அடுத்து, எங்கள் ஃபாரின் கீகள் ஒவ்வொன்றும் இப்போது எந்த விதியில் இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். சிஸ்டம் கேட்டலாகில் (தரவுத்தளம் தன் அமைப்பைக் குறித்து வைக்கும் இடத்தில்) கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகளை, அதாவது கட்டுப்பாடுகளை, வைத்திருக்கும் அட்டவணையில், நீக்கல் விதி ஒற்றை எழுத்தாக இருக்கிறது. ‘சி’ என்றால் கேஸ்கேட், ‘ஏ’ என்றால் நோ ஆக்‌ஷன். பார்த்தால், ரசீதிலிருந்து பில்லைச் சுட்டும் ஃபாரின் கீயில் யாரோ எப்போதோ ‘சி’ வைத்திருக்கிறார்கள். பில்லை நீக்கினால் அதற்கு வந்த பணத்தின் ரசீதும் போய்விடும் என்று பொருள். இதை ‘நோ ஆக்‌ஷன்’ ஆக மாற்ற வேண்டும். ரசீது அட்டவணை பெரியது, கடைகள் காலை முதல் இரவு வரை அதில் எழுதிக்கொண்டே இருக்கும். நிறுத்தாமல் எப்படி மாற்றுவது?

#10 பூட்டுசாவி

ஃபாரின் கீயின் நீக்கல் விதியை இருந்த இடத்திலேயே திருத்துவதற்குப் போஸ்ட்கிரெஸ் 16இல் கட்டளை இல்லை. புதியதைச் சேர்த்துப் பழையதை எடுக்க வேண்டும். நேரடியாகச் சேர்த்தால், ரசீது அட்டவணை முழுவதையும் சோதித்து முடிக்கும்வரை இரண்டு அட்டவணைகளிலும் எழுதுவது நின்றுபோகும். ஆகவே இரண்டு படியாகச் செய்யுங்கள்.

புதிய ஃபாரின் கீயை வேறு பெயரில், ‘நாட் வேலிட்’ என்று சேர்த்து அறிவியுங்கள். பழைய பதிவுகளைச் சோதிக்காமல், இனி எழுதப்படும் பதிவுகளை மட்டும் கட்டுப்படுத்தத் தொடங்கும். பூட்டு இமைப்பொழுதில் விலகிவிடும். பிறகு ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெய்ன்ட்’ ஓட்டுங்கள். அது அட்டவணையை முழுதாகப் படிக்கும், நேரமும் எடுக்கும், ஆனால் அந்த நேரத்தில் கடைகள் வழக்கம்போல் எழுதிக்கொண்டிருக்கலாம். கடைசியாகப் பழைய ஃபாரின் கீயை எடுத்துவிடுங்கள். எடுக்கும் அந்தக் கட்டளைக்கு இரண்டு அட்டவணைகளின் மேலும் முழுப் பூட்டு தேவை. வேலை நொடிப்பொழுதுதான், ஆனால் நீண்ட அறிக்கை ஒன்று எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளை அதற்காகக் காத்திருக்கும், இதற்குப் பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளும் இதற்காகக் காத்திருக்கும். அதனால் ‘லாக் டைம்அவுட்’டை (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேர வரம்பை) இரண்டு மூன்று நொடியாகக் குறைத்து வைத்து, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள். பழையது நீங்கும்வரை கேஸ்கேட் உயிரோடுதான் இருக்கிறது என்பதால் இடைப்பட்ட நேரத்தில் பில் எதையும் நீக்க வேண்டாம்.

மைஎஸ்கியூஎல்லில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ‘ஃபாரின் கீ செக்ஸ்’ மாறியைப் பூஜ்ஜியமாக்கி வேலையை முடிப்பார்கள். மறுபடி ஒன்று ஆக்கினாலும் இடையில் நுழைந்த தவறான பதிவுகளை அது திரும்பிப் பார்க்காது. கட்டுப்பாடு அறிவிப்பில் இருக்கும், தரவு அதை மீறியிருக்கும், யாருக்கும் தெரியாது.

போலி வாடிக்கையாளர்களை நீக்கும்போது சேய்களிலிருந்து தொடங்கித் தாய்க்கு வாருங்கள். ஒரே டிரான்சாக்‌ஷனில் எல்லாவற்றையும் போடாமல், சில ஆயிரம் பதிவுகளாகப் பிரித்துக் காமிட் செய்யுங்கள். ரெப்ளிகா பின்தங்காது, நீக்கிய பதிவுகளின் இடத்தைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூமுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

#11 பின்முனை

இவ்வளவுக்கும் மாற்றாக, எதையுமே நீக்காமல் ‘நீக்கிய நேரம்’ என்று ஒரு புலம் வைத்துக் குறித்துவிட்டால் என்ன? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

#12 பேரேடு

வாடிக்கையாளர், பொருள், பிரதிநிதி போன்ற அடிப்படைப் பதிவுகளுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் வைத்தால் விலை கொடுக்க நேரும். ஃபாரின் கீயின் பார்வையில் குறியிட்ட பதிவு உயிருள்ள பதிவுதான். ‘நீக்கிய’ வாடிக்கையாளருக்குப் புதிய பில் போடுவதை அது தடுக்காது. ஜிஎஸ்டி எண்ணுக்கு யூனிக் வைத்திருந்தால், திரும்பி வந்த பழைய வாடிக்கையாளரைச் சேர்க்க முடியாது. உயிருள்ள பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதி இண்டெக்ஸாக அதை மாற்ற வேண்டும். தரவைக் கேட்கும் ஒவ்வொரு கட்டளையிலும் அந்தப் புலத்தைச் சரிபார்க்க வேண்டும். எங்காவது ஒரு அறிக்கை மறந்துவிடும். உள்நுழைவு அமர்வுக்கும் காலாவதியான ஓடிபிக்கும் இந்த மரியாதை தேவையில்லை, அவற்றை நீக்கியே விடுங்கள்.

அழிக்கச் சொல்லும் கோரிக்கையும் வரும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது; வேறு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு விலக்கும் தருகிறது. நீக்கியதாக வெறுமனே குறிப்பது அழிப்பு ஆகாது. வாடிக்கையாளர் பதிவை ஐடியோடு வைத்துக்கொண்டு, கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்தநாள் போன்ற புலங்களை வெறுமையாக்கினால் பில்களின் ஃபாரின் கீ குலையாது. பில்லில் அச்சிட்ட பெயரும் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும், பில் போட்ட அன்று இருந்தபடி, பில் பதிவிலேயே நகலாக இருக்க வேண்டும். அவை விலைப்பட்டியல் விதிகளின் கீழ் வருபவை, வைத்திருக்க வேண்டிய காலம்வரை இருக்கும். வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

#13 நூல்கடை_நிரலர்

பில்லில் நகல் இல்லை. வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதைத்தான் முதல் வேலையாக எடுக்கப் போகிறேன். அமர்வும் முகவரியும் கேஸ்கேட் ஆகும். பில் வரி வரைவு நிலையில் இருக்கும்போது மட்டும் நீங்கும். உறுதி செய்த பில்லை நீக்க முடியாதபடி ஒரு ட்ரிகர் வைக்கிறேன், தவறானவற்றுக்குக் கிரெடிட் நோட்தான். மற்றவை எல்லாம் நோ ஆக்‌ஷன்.

ஒரு கடைசி ஐயம். நிரல் பயன்படுத்தும் தரவுத்தளப் பயனருக்கு ரசீது, பில் வரி ஆகியவற்றில் டிலீட் உரிமையை எடுத்துவிட்டால் கூடுதல் பாதுகாப்பு ஆகுமா?

#14 பூட்டுசாவி

நேரடி டிலீட்டை அது தடுக்கும், கேஸ்கேடைத் தடுக்காது. போஸ்ட்கிரெஸில் கேஸ்கேட் நீக்கம், கட்டளையிட்டவரின் உரிமையில் ஓடுவதில்லை, சேய் அட்டவணையின் உரிமையாளர் பெயரில் ஓடுகிறது. தாய் அட்டவணையில் டிலீட் உரிமை இருந்தால் போதும், சேயில் எந்த உரிமையும் இல்லாதவரும் அதன் பதிவுகளைப் போக்கிவிட முடியும். ரோ லெவல் செக்யூரிட்டி விதிகளும் (யார் எந்தப் பதிவைத் தொடலாம் என்பவை) இந்த வழியில் குறுக்கே நிற்காது. ஆகவே முகவரியையும் அமர்வையும் கேஸ்கேட் ஆக்கிய பிறகு, வாடிக்கையாளர் அட்டவணையின் டிலீட் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பில் அட்டவணைக்கும் அப்படியே.

ட்ரங்கேட் (அட்டவணையை முழுதாகக் காலி செய்யும் கட்டளை) உரிமை தனியானது. அதை நிரலின் பயனரிடமிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். ‘ட்ரங்கேட் கேஸ்கேட்’ என்பதற்கும் நாம் இதுவரை பேசிய கேஸ்கேடுக்கும் தொடர்பே இல்லை. ஃபாரின் கீயில் நோ ஆக்‌ஷன் என்று எழுதியிருந்தாலும் அது பொருட்படுத்தாது. வாடிக்கையாளர் அட்டவணையைச் சுட்டும் எல்லா அட்டவணைகளையும், அவற்றைச் சுட்டுபவற்றையும் சேர்த்து, முழுதாகக் காலி செய்துவிடும். போலி வாடிக்கையாளர்களைத் துடைக்க இதுதான் விரைவான வழி என்று குழுவில் யாராவது சொல்வதற்குள் அந்த உரிமை போயிருக்கட்டும். நிரலின் பயனரே அட்டவணைகளின் உரிமையாளராக இருந்தால் எடுத்த உரிமையை அவரே திரும்பக் கொடுத்துக்கொள்ள முடியும். அப்படி இருந்தால் முதலில் உரிமையாளரை வேறு ரோலுக்கு (வேறு தரவுத்தளப் பயனருக்கு) மாற்றுங்கள்.